திறப்பு உள்ளே, நாம் வெளியே

மூடுவதற்கு ஒரு கணம் போதும். திறப்பதற்கோ அரைநாள் வேண்டியிருக்கும். இவ்வுண்மையை நாம் எந்த நூலிலும் கற்கவில்லை. பேராதனைப் பூங்காவின் அருகே, நடுப்பகல் வெயிலில், எமது காரின் பின்புறத்தை வெறித்துப் பார்த்தபடி நின்ற வேளையிலே கற்றுக்கொண்டோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்குப் பூங்காவைக் காட்டவேண்டுமென்று இல்லத்தார் விரும்பினர். கண்டியிலிருந்து பேராதனை ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரந்தானே! புளிச்சாதம், தயிர்ச்சாதம், பாய், தண்ணீர்ப் போத்தல்கள், மாமியாரின் இன்சுலின் மருந்து வைத்த சிறு பை ஆகிய யாவும் டிக்கியில் ஏற்றப்பட்டன. காலை முழுவதும் மரங்களையும் மலர்களையும் கண்டு களித்து, பசியோடு வண்டியை வந்தடைந்தோம். கதவுகள் நான்கும் பூட்டியபடியே இருந்தன. டிக்கியை மாத்திரம் திறப்பினாலே திறந்து பாயை வெளியே எடுத்தோம். இரு கைகளும் நிறைந்துவிட்டமையால், திறப்புக் கோவையை ஒரு நிமிடத்திற்கென்று சாப்பாட்டுக் கூடையின்மேல் வைத்தோம். அவ்வேளை பாய் நழுவிற்று. அதைப் பிடிக்கத் திரும்பிய நாம், பழக்கத்தினால், முழங்கையாலே டிக்கியின் மூடியை அமுக்கிவிட்டோம். 'டக்' என்றோர் ஓசை. அவ்வளவுதான்.

"திறப்பு எங்கே?" என்று வினவினார் மனைவியார். நாம் விடை பகரவில்லை. பகரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எமது முகமே பகர்ந்துவிட்டது.

வீட்டிலே மாற்றுத் திறப்பு ஒன்று உண்டு. சமையலறைச் சுவரில், ஆணியொன்றில், அதனை மிகப் பத்திரமாக மாட்டிவைத்திருந்தோம். முச்சக்கர வண்டியிற் சென்று எடுத்துவரலாமென்று காலெடுத்து வைத்தபோதுதான், வீட்டுக் கதவின் திறப்பும் அதே கோவையிலே தொங்குகின்றது என்னும் நினைவு வந்தது. டிக்கி திறக்கவேண்டுமாயின் வீடு திறக்கவேண்டும். வீடு திறக்கவேண்டுமாயின் டிக்கி திறக்கவேண்டும். பைத்தியம் தெளிந்தாற் கலியாணம், கலியாணமானாற் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

எமது திகைப்பைக் கண்ட முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் இரக்கங்கொண்டு, தமக்குத் தெரிந்த பூட்டுத் தொழிலாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து எம்மிடம் தந்தார். அத்தொழிலாளர் காரின் வகையைக் கேட்கவில்லை. கூலியைப் பற்றியும் பேசவில்லை. அவர் கேட்ட முதற் கேள்வி வேறு.

"சேர், காருக்குள்ளே பிள்ளைகள் யாரும் இருக்கிறார்களா?"

"இல்லை, சாப்பாடும் மருந்துந்தான்" என்றோம்.

"அப்படியென்றால் நல்லது. நான் வர முக்கால் மணித்தியாலம் ஆகும். பிள்ளை இருந்தால், எனக்காகக் காத்திருக்கவேண்டாம், கண்ணாடியை உடையுங்கள் என்று சொல்லியிருப்பேன்."

அவ்வினாவின் கனம் அப்பொழுது எமக்குப் புலப்படவில்லை. இரவு படுக்கையிலே அதுவே எம்மை உறங்கவிடாமற் செய்தது.

சொன்னபடி வந்தார். கதவின் விளிம்பிலே காற்றடைக்கும் சிறு பையொன்றைச் செருகி இடைவெளி உண்டாக்கி, மெல்லிய கம்பியை நுழைத்துக் கதவின் பூட்டுக்குமிழை மேலே இழுத்தார். மூன்று நிமிடமும் ஆகவில்லை. பின்பு சாரதியின் ஆசனத்தருகே தரையோடொட்டியிருந்த சிறு நெம்பை ஒருமுறை இழுத்தார். டிக்கியின் மூடி, ஒன்றுமே நடவாதது போல, மெல்ல எழுந்தது. பல ஆண்டுகளாக எமது காலடியில் இருந்த நெம்பு அது! அதன்பின் எமது அடையாள அட்டையை வாங்கி, வண்டிப் பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கூலியைப் பெற்றுக்கொண்டார். அவ்வாறு பார்த்ததற்காக அவரை மதித்தோம். டிக்கியில் வெந்துபோய்க் கிடந்த இன்சுலினை நம்பமுடியாது. பாவனையில் உள்ள இன்சுலினை 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைத்தலாகாது என்பர். அதை ஒதுக்கிவிட்டு, வீட்டுக் குளிரூட்டியில் இருந்த மருந்தை நாடி விரைந்தோம். மாமியாருக்குத் தீங்கேதும் நேராமை எமது நல்லூழே.

இனி, இப்பூட்டு என்னும் பொருளைச் சற்று ஆராய்வோம். கார்ப் பூட்டுகள் பலவற்றின் உள்ளே ஓர் உருளையும், அதன் குறுக்கே மெல்லிய தகடுகள் சிலவும் உள்ளன. ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு வில் தள்ளிக்கொண்டிருக்கும். தகடுகள் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்வரை உருளை சுழலாது. உரிய திறப்பு நுழையும்போது, அதன் வெட்டுக்கள் ஒவ்வொரு தகட்டையும் வேண்டிய அளவிற்கு நகர்த்தி உருளைக்குள் அடக்கிவிடுகின்றன. உடனே உருளை சுழல்கின்றது. வீட்டுக் கதவுகளில் தகடுகளுக்குப் பதிலாகச் சிறு ஊசிகள் இத்தொழிலைச் செய்யும். பழைய எகிப்தியர் மரத்தாற் செய்த பூட்டுகளிலும் இந்த ஊசித் தத்துவமே இருந்தது. அதனை உலோகத்திற் சிறிதாக்கி, தட்டையான திறப்போடு 1861ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர்.

இவ்வமைப்பினின்றும் ஓர் உண்மை பெறப்படும். பூட்டுக்குத் தெரிந்தது திறப்பின் வெட்டுக்கள் மாத்திரமே. அதைப் பிடித்திருக்கும் கை கள்வனுடையதா, கடன்பட்டுக் காரை வாங்கியவனுடையதா என்பதை அது அறியாது. உரிமையாளரென்று நாம் எவ்வளவு உரத்துக் கூறினும் பூட்டின் செவியில் ஏறாது.

அவ்வாறாயின், திறப்பின்றித் திறக்கவே முடியாத பூட்டு உண்டா? இலண்டன் மாநகரில் பிரமா என்பாரின் பூட்டுக்கடை யன்னலில், 1790ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறப்பின்றித் திறக்கும் கருவி செய்வோர்க்கு 200 கினி பரிசென்று அறிவித்திருந்தனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவராலும் இயலவில்லை. 1851ஆம் ஆண்டின் பெருங் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டறிஞர் ஹொப்ஸ், 16 நாட்களில் 51 மணித்தியாலம் உழைத்து அதனைத் திறந்துவிட்டார். எந்தப் பூட்டும் காலத்தை நீட்டிக்குமேயன்றி முற்றாகத் தடுத்துவிடாது என்பது அன்று வெளியாயிற்று. எமக்கும் அன்று பேராதனையில் இல்லாதிருந்தது அறிவும் கருவியுமே. அவை உடையவர் வந்ததும் பூட்டு மூன்று நிமிடத்திற் பணிந்தது.

ஆகவே பூட்டின் வலிமையிலும் பெரிது, திறப்பை எங்கே, யாரிடம் வைத்திருக்கிறோம் என்பது. எமது கண்டி நகரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. தலதா மாளிகையிலுள்ள புனித தந்ததாதுப் பேழையின் திறப்புகள் ஒருவரிடத்தே இருப்பதில்லை. மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்கள் இருவரும், தியவதன நிலமேயும் ஆக மூவர் பொறுப்பில் அவை பிரிந்திருத்தல் மரபு. மூவரும் ஒருங்கே கூடினாலன்றிப் பேழை திறவாது. எமக்கு வேண்டியது இதன் மறுபுறம்: மூன்று திறப்புகளில் எந்த ஒன்று கிடைத்தாலும் வண்டி திறக்கவேண்டும். ஆயினும் பாடம் ஒன்றே. திறப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோவையிற் கட்டி ஒரே கையிற் கொடுத்தலாகாது. வாரந்தோறும் அப்புனித மாளிகையைக் கடந்துசெல்லும் நாம், கார்த் திறப்பையும் வீட்டுத் திறப்பையும் ஒரே வளையத்தில் மாட்டியிருந்தோமே!

இனி டிக்கியை அடையும் வழிகளை முறையாகக் கூறுவோம். முதலாவது, கதவுகளைப் பாருங்கள். நான்கையும் இழுத்துப் பாருங்கள். பூட்டியதாக எண்ணிய கதவு சிலவேளை பூட்டாமல் இருக்கும். கதவொன்று திறந்தால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. யப்பானியக் கார்கள் பலவற்றிற் சாரதியின் ஆசனத்தருகே, எமது காரில் இருந்தது போன்ற நெம்பு இருக்கும். வேறு சிலவற்றில் அது பொத்தானாக இருக்கும்.

நெம்பு இல்லையாயின், அல்லது அதன் கம்பி அறுந்திருப்பின், பின்னாசனத்தை நாடுங்கள். பல கார்களில் அதன் சாய்மணை முன்னே மடியும். மடிந்தால் டிக்கிக்குள்ளே கையை நீட்டித் திறப்பை எடுத்துவிடலாம். சிறு பிள்ளையாயின் ஆளே வெளியே வரலாம். மடியாத சாய்மணையும் உண்டு. அத்தகைய கார்கள் பலவற்றில் இருக்கை மெத்தையை முன்விளிம்பிற் பிடித்து மேலே இழுத்தாற் கொக்கி விடுபடும். அதன்கீழே சாய்மணையின் அடியைப் பிணைத்த சுரையாணிகள் தெரியும். சிலவற்றில் நடுவிலுள்ள கைதாங்கியின் பின்னே ஒரு சிறு வாயில் உண்டு. இவையெல்லாம் காருக்குக் கார் வேறுபடும். ஆகவே வண்டியோடு வந்த கைந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. அந்நூலையும் டிக்கியிலே வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

கதவுகளும் பூட்டியிருந்தால், மாற்றுத் திறப்பை வரவழைப்பதே சிக்கனம். அதுவும் இயலாதெனின், தேர்ந்த தொழிலாளரை அழையுங்கள். கம்பியும் கையுமாக நாமே முயன்றாற் கதவின் இறப்பர் கிழியும், பூச்சு கீறும், உள்ளேயுள்ள மின்கம்பிகள் சிக்கும். தொழிலாளரின் கூலியைவிடச் செலவு மிகும்.

புதுக் கார்களிற் பொத்தானை அழுத்தினாலே இயந்திரம் இயங்கும். திறப்பு சட்டைப்பையில் இருந்தாற் போதும். திறப்பு உள்ளே இருப்பதை அறிந்தால் அவற்றிற் பல பூட்ட மறுத்து ஒலியெழுப்பும். ஆயினும் அதனை முற்றாக நம்பலாகாது. திறப்பின் சிறு மின்கலம் தளர்ந்திருந்தாலோ, உலோகப் பெட்டிக்குள் அகப்பட்டு அதன் சைகை வெளிவராவிட்டாலோ, வண்டி ஏமாந்துவிடும். எமது நாட்டில் மிகுதியாக ஓடும் கலப்பின யப்பானியக் கார்களிற் சில இன்னுமொரு வேடிக்கை காட்டும். பிரியஸ் காரின் பழைய மாதிரிகளைப் பாருங்கள். அவற்றின் 12 வோற்று மின்கலம் பின்பகுதியில் இருக்கின்றது. பின்கதவோ மின்சாரத்தால் திறப்பது. மின்கலம் இறந்துவிட்டாற் பின்கதவு திறவாது. பின்கதவு திறவாவிட்டால் மின்கலத்தை அணுகமுடியாது. எமது கலியாணக் கதை இங்கும் வந்துவிட்டது! இதனை உணர்ந்தே, முன்மூடியின் கீழுள்ள உருகிப் பெட்டியில், சிவப்பு மூடியிட்ட மின்முனையொன்றை வைத்திருக்கிறார்கள். பொத்தான் திறப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு உலோகத் திறப்பினாற் சாரதியின் கதவைத் திறந்து, முன்மூடியை உயர்த்தி, அம்முனைக்கு வேறொரு மின்கலத்திலிருந்து மின்சாரம் ஊட்டினாற் பின்கதவு உயிர்பெறும்.

இவ்வளவும் வேடிக்கையாகப் பேசலாம், உள்ளே இருப்பது சாப்பாட்டுக் கூடையாக இருக்கும்வரை.

1998ஆம் ஆண்டின் கோடையிலே, அமெரிக்காவில், விளையாட்டாகக் கார் டிக்கிகளுக்குள் ஏறி அகப்பட்டுக்கொண்ட குழந்தைகள் 11 பேர், மூன்று நிகழ்ச்சிகளில், சில வாரங்களுக்குள்ளே மாண்டனர். அதற்கு முன்பே, 1995ஆம் ஆண்டில், கணவரோடு கடத்தப்பட்டுத் தம் சொந்தக் காரின் டிக்கியிலே அடைக்கப்பட்டு உயிர் தப்பிய ஜெனற் ஃபெனல் என்னும் அம்மையார், டிக்கியை உள்ளிருந்து திறக்கும் கைபிடி வேண்டுமென்று இடையறாது வாதாடி வந்தார். இறுதியில், 2001 செப்டெம்பர் தொடக்கம், அந்நாட்டில் விற்கப்படும் டிக்கியுள்ள புதுக் கார்கள் ஒவ்வொன்றிலும், இருளில் ஒளிரும் கைபிடியேனும் அதையொத்த வேறு அமைப்பேனும் இருத்தல்வேண்டுமென்று சட்டமாயிற்று. அச்சட்டம் அமெரிக்காவிற்கே உரியது. எமது வாயிலில் நிற்கும் காரில் அக்கைபிடி இருக்குமென்று எண்ணிவிடலாகாது. இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

இஃது எங்கோ தூரதேசத்துக் கதையென்று தள்ளவும் முடியாது. 2022 ஜூனில், தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம் பணகுடியை அடுத்த சிற்றூரில், வீட்டருகே நின்ற காருக்குள் ஏறி விளையாடிய மூன்று சிறுவர் வெளிவர இயலாது மூச்சடங்கினர். தேடியவர்கள் அயலெங்கும் தேடினார்கள்; அவர்களோ கூப்பிடு தூரத்திலேயே இருந்தார்கள்.

"அங்கெல்லாம் கொடிய வெயில், எமது கண்டியோ குளிர்ந்த மலைநகர்" என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2005ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர் வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பத்தை அளந்து வெளியிட்டனர். வெளியே 22 பாகை செல்சியசு மாத்திரமே இருந்த நாளிலும், ஒரு மணித்தியாலத்தில் உள்ளே 47 பாகையளவு ஏறிற்று. அவ்வேற்றத்தின் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டதாற் பெரும் பயன் விளையவில்லை. 22 பாகை எமது மலைநகரின் இதமான காலைப்பொழுதல்லவா? குழந்தையின் உடலோ பெரியோர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும்.

இப்போது அத்தொழிலாளரின் முதற் கேள்வியை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் காத்திருந்த நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். முக்கால் மணித்தியாலம்!

ஆகவே உள்ளே ஓர் உயிர் இருப்பின், திறப்பையும் தொழிலாளரையும் மறந்துவிடுங்கள். குழந்தை இருக்கும் இடத்திற்கு எட்டத்திலுள்ள பக்கக் கண்ணாடியைத் தெரிந்துகொள்ளுங்கள்; முன்கண்ணாடி ஒட்டுக் கண்ணாடியாதலால் உடைந்தும் வழிவிடாது. கையைத் துணியாற் சுற்றி, முகத்தைத் திருப்பி, கூர்முனையுள்ள கடினமான இரும்பினாற் கண்ணாடியின் நடுவிலன்றி மூலையிலே ஓங்கித் தாக்குங்கள். அது சிறு சிறு துண்டுகளாய் உதிரும். குழந்தை டிக்கிக்குள்ளே எனின், உடைத்த வழியாற் கையிட்டுக் கதவைத் திறந்து நெம்பை இழுங்கள், அல்லது பின்னாசனத்தை மடியுங்கள். மேலே யாம் விளையாட்டாகக் கூறிய வழிகள் உயிர் காக்கும் வழிகளாவது இங்கேதான். அதே வேளையில் மற்றொருவர் 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் எண்ணை அழைக்கட்டும். கண்ணாடியைக் கடையில் வாங்கலாம்.

பிள்ளையைக் காணோமென்று தேடும்போது, கிணற்றையும் நீர்நிலையையும் பார்த்தவுடனே, அயலில் நிற்கும் கார்களையும் அவற்றின் டிக்கிகளையும் திறந்து பாருங்கள். ஓடாது நிற்கும் பழைய காரையும் பூட்டியே வையுங்கள். அதன் திறப்பைப் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் மாட்டுங்கள். இதனை வாசிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை தருகின்றோம். இன்று மாலை தந்தையாரோடு சென்று, உங்கள் வீட்டுக் காரின் டிக்கியை உள்ளிருந்து அடைவது எவ்வாறென்று கண்டுபிடியுங்கள். பரீட்சைக்கு வராத பாடந்தான்; ஆயினும் கற்றுவையுங்கள்.

திருமறைக்காட்டு வரலாற்றை அறியாத சைவப் பிள்ளை இல்லை. வேதங்கள் பூசித்து அடைத்த திருக்கதவத்தைத் திறப்பதற்கு அப்பரடிகள் பதிகம் முழுவதும் பாடவேண்டியிருந்தது. மூடுவதற்கோ சம்பந்தப் பெருமானின் முதற் பாட்டே போதுமாயிற்று. அடியார்க்கே அவ்வாறெனின், பாடத் தெரியாத எம்போல்வார் முன்னதாகவே ஆயத்தமாயிருத்தல் அன்றோ அறிவுடைமை?

இப்பொழுது எமது வீட்டில் மூன்று திறப்புகள் உள்ளன. ஒன்று எம்மிடம், வீட்டுத் திறப்போடு சேராமல், தனி வளையத்தில். மற்றொன்று மனைவியாரின் கைப்பையில். மூன்றாவது, எமது வீட்டுத் திறப்பின் பிரதியோடு, அடுத்த வீட்டாரிடம். அது தெருவோரத்திற் சொற்ப காசுக்கு வெட்டுவித்த வெறும் திறப்பு. புதுக்காலக் கார்களில் இத்தகைய திறப்பு கதவை மாத்திரம் திறக்கும். உரிய மின்னணுச் சில்லு இன்மையால் இயந்திரத்தை இயக்காது. அவசரத்திற்கு அதுவே போதும். கள்வன் கையில் அகப்பட்டாலும் வண்டியை அவன் ஓட்டிச் செல்லல் அரிது.

டிக்கியை மூடுமுன் திறப்பைக் கையிலெடுத்து, "இதோ" என்று உரக்கச் சொல்லும் வழக்கமும் எமக்கு வந்துவிட்டது. மனைவியார் நகைக்கிறார், நகைக்கட்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. "இதோ" என்று சொல்லுமுன், மூடிக்குள்ளே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கின்றோம்.